ஸ்ட்ராஸ்பூர்க்கில் தொலைந்த வரைவு

ஐரோப்பாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று கட்டற்ற மென்பொருள் பக்கம் இருக்கும் நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். 2005இல் போராடி ஜெயித்தோம், மென்பொருள் காப்புரிமைச் சட்ட வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 648க்கு 14 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது, அதோடு அந்தக் கதை முடிந்தது என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வி.எல்.சி. பிளேயரை உருவாக்குகிறவர்கள் பாரிஸில் இருந்துகொண்டு தைரியமாக அதை வெளியிட முடிவதற்கு, பிரெஞ்சுச் சட்டம் மென்பொருளுக்குக் காப்புரிமை தருவதில்லை என்ற நிலைப்பாடுதான் துணை. ஆனால் நான் வேலை பார்க்கும் மியூனிக்கில், இசார் ஆற்றங்கரையில், டாய்ச்சஸ் மியூசியத்துக்கு எதிரே நிற்கிற ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் நிரல் சார்ந்த காப்புரிமைகளை வாராவாரம் வழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 2024இல் அங்கே வந்து சேர்ந்த விண்ணப்பங்களைத் துறைவாரியாகப் பிரித்தபோது கணினித் தொழில்நுட்பம் முதலிடத்துக்கு வந்தது. சட்டம் கூடாது என்கிறது, அலுவலகம் கொடுக்கிறது. இது என்னை வருடக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தபின் எனக்கு ஒரு முடிவு உண்டாகியிருக்கிறது. 2005 ஜூலையில் நடந்ததை நாம் வெற்றி என்று கொண்டாடுகிறோம். 2003 செப்டம்பரில் அதே நாடாளுமன்றம் எழுதிய மிக நல்ல வரைவு ஒன்று அந்த ஜூலையில்தான் செத்துப்போனது. அதை யாரும் பேசுவதில்லை.

உறுத்தல் தொடங்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், உணர்கருவிகளிலிருந்து வரும் அளவீடுகளை மையக் கணினிக்கு அனுப்பும் பகுதியை எங்கள் குழு எழுதியது. இணைப்பு மெதுவாக இருந்தால் எந்த அளவீடு முதலில் போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் நிரல். முன்னுரிமை வரிசை ஒன்று, அதன் மேல் நாலைந்து நிபந்தனைகள், அவ்வளவுதான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிக்கிற சரக்கு. நிறுவனம் வருடாவருடம் இத்தனை காப்புரிமை விண்ணப்பம் போட வேண்டும் என்று இலக்கு வைத்திருந்ததால், இதையும் கண்டுபிடிப்புப் படிவத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். காப்புரிமை வழக்கறிஞர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். வயதானவர், பொறுமையானவர், இயற்பியல் படித்தவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இது அளவீடுகளை வரிசைப்படுத்துகிறது என்று எழுத வேண்டாம். இணைப்பின் சுமையைக் குறைக்கிறது என்று எழுதுவோம்" என்றார். சில வாரம் கழித்து வரைவு வந்தது. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியான முதல் உரிமைகோரலில் நிரல் என்ற சொல்லே இல்லை. செயலி ஒன்றும் நினைவகம் ஒன்றும் தொடர்பு இடைமுகம் ஒன்றும் கொண்ட சாதனம். அந்தச் சாதனம் முதல் தரவையும் இரண்டாம் தரவையும் பெறுமாறும், ஒரு வரம்பு மதிப்போடு ஒப்பிடுமாறும் அமைக்கப்பட்டது. இப்படியே ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். நான் எழுதிய நிரலை அதில் அடையாளம் காண எனக்கே நேரம் பிடித்தது.

"நிரலுக்குக் காப்புரிமை கிடையாது என்றுதானே சட்டம்?" என்று கேட்டேன். "நிரலுக்குத்தான் கிடையாது. இது சாதனம்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவர் தொழிலில் அது நேர்மையான பதில்.

சட்டத்தில் இருப்பது

1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 52ஆவது உறுப்பு, கண்டுபிடிப்பு என்று கருதக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. கணிதமுறைகள், விளையாட்டு விதிகள், வியாபார முறைகள், அவற்றோடு கணினி நிரல்கள். அடுத்த பத்தியில் ஒரு சின்ன நிபந்தனை: இவற்றை 'அவை அவையாகவே' உரிமை கோரும்போது மட்டும்தான் இந்த விலக்கு. மொத்தச் சண்டையும் அந்த நிபந்தனைக்குள்தான் நடந்தது. 1998இல் ஐ.பி.எம். தொடுத்த மேல்முறையீட்டில், நிரல் ஓடும்போது வழக்கமான மின் ஓட்டங்களைத் தாண்டிய தொழில்நுட்ப விளைவு ஒன்று இருந்தால் அந்த நிரலையே உரிமை கோரலாம் என்று அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. தொழில்நுட்பம் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. 2004இல் ஹிட்டாச்சி வழக்கில், கணினி மாதிரியான ஒரு பொருளைக் குறிப்பிட்டுவிட்டாலே அது கண்டுபிடிப்புதான், முதல் தடை தாண்டியாயிற்று என்று வந்தது. அதன்பின் மிஞ்சுவது, தொழில்நுட்பம் சார்ந்த புதுமை போதுமான அளவுக்கு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும். எங்கள் வழக்கறிஞர் 'இணைப்பின் சுமை' என்ற சொல்லைத் தேடியது அந்தக் கேள்விக்காகத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு கிடையாது. துருக்கியும் சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அதில் உறுப்பினர்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் அதைக் கேள்வி கேட்க முடியாது. வரிப்பணத்திலும் அது நடப்பதில்லை. விண்ணப்பக் கட்டணத்திலும், வழங்கிய காப்புரிமைகளுக்கு ஆண்டுதோறும் கட்டும் புதுப்பிப்புக் கட்டணத்திலும் நடக்கிறது. அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தில் பாதி தேசியக் காப்புரிமை அலுவலகங்களுக்கும் பாதி மியூனிக்குக்கும் போகிறது. யாரும் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தால் வருமானம், மறுத்தால் மேல்முறையீடு என்ற நிலையில் இருக்கும் ஓர் அலுவலகத்திடம் எல்லைக்கோட்டை வரையும் வேலையைக் கொடுத்தால் கோடு எந்தப் பக்கம் நகரும் என்பதுதான் என் கவலை.

2000ஆம் ஆண்டு நவம்பரில் ஒப்பந்தத்தைத் திருத்தக் கூடிய மாநாட்டில், பட்டியலிலிருந்து கணினி நிரல்களை எடுத்துவிடும் யோசனை வந்தது. நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதன்பின்தான் பேச்சு பிரஸ்ஸல்ஸுக்கு மாறியது. 2002 பிப்ரவரி 20 அன்று, ஒன்றியத்துக்கான சட்ட வரைவுகளை முன்வைக்கும் ஐரோப்பிய ஆணையம் 'கணினிவழிச் செயல்படுத்தும் கண்டுபிடிப்புகள்' என்ற பெயரில் ஒரு சட்ட வரைவை வைத்தது. பல நாட்டு நடைமுறைகளை ஒன்றாக்குவது என்று காரணம் சொன்னார்கள். அலுவலகம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் சட்டமாக்குவதாகவே அது அமைந்திருந்தது.

2003 செப்டம்பர் 24

அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் நடந்த முதல் வாசிப்பில் நாடாளுமன்றம் ஆணையத்தின் வரைவை அப்படியே புரட்டிப்போட்டது. 361 பேர் ஆதரவு, 157 பேர் எதிர்ப்பு. இந்தத் திருத்தங்களை நிதானமாகப் படிக்காமல் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். தரவைக் கையாளுவது தொழில்நுட்பத் துறை ஆகாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். இயற்கையின் விசைகளைக் கட்டுப்படுத்தி, எதிர்பார்த்த விளைவை உண்டாக்குவதுதான் தொழில்நுட்பம் என்று வரையறை தந்தார்கள். ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 1969லிருந்தும் 1976லிருந்தும் வைத்திருந்த அளவுகோல் அது. புதிதாகக் கற்பனை செய்ததல்ல. ஒரு நிரலை வெளியிடுவதோ பரப்புவதோ எப்போதும் காப்புரிமை மீறல் ஆகாது என்றார்கள். இரண்டு கணினி அமைப்புகள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறிக்கொள்வதற்காக மட்டும் ஒரு காப்புரிமை பெற்ற உத்தியைப் பயன்படுத்தினால் அதுவும் மீறல் இல்லை என்றார்கள்.

நோக்கியா, சீமென்ஸ், எரிக்சன், பிலிப்ஸ், அல்காடெல் போன்றவர்களின் வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளுவதில்லை. முன்பு மின்சுற்றுகளாக இருந்தவை இன்று நிரலாகிவிட்டன. நிரல் இருக்கிறது என்பதற்காகவே காப்புரிமை இல்லை என்றால் இயந்திரம் செய்கிறவனின் ஆராய்ச்சிக்கு என்ன பாதுகாப்பு என்பது நியாயமான கேள்வி. 2003 வரைவு அதற்குத்தான் பதில் சொன்னது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கார் நிற்பதற்கான புதிய பிரேக் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டுப்படுத்துவது நிரல்தான். ஆனால் கண்டுபிடித்த அறிவு உராய்வைப் பற்றியது, சோதனைத் தடத்தில் கார் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்குத் தாராளமாகக் காப்புரிமை. நான் எழுதிய முன்னுரிமை வரிசைக்கு எந்தச் சோதனைத் தடமும் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததுதான். அதற்குக் கிடையாது. அந்த நிரலின் எழுத்துக்கு 1991இன் ஐரோப்பிய ஆணை முதலே பதிப்புரிமை இருக்கிறது, அதை யாரும் நகலெடுத்து விற்க முடியாது. எனக்கு இதைவிடத் தெளிவான கோடு வேறெங்கும் கண்ணில் படவில்லை.

கோடு ஏன் முக்கியம் என்றால், பதிப்புரிமையில் நானாகவே யோசித்து எழுதியிருந்தால் தப்பில்லை. காப்புரிமையில் அது செல்லாது. யாரோ முன்பே பதிவு செய்திருந்தால், அவர் பெயரையே நான் கேள்விப்படாவிட்டாலும், இருபது ஆண்டுக்கு அது அவருடையது. ஒரு சாதாரணச் செயலியில் சின்னச் சின்ன யோசனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்துவிட்டு எழுத எந்தச் சின்ன நிறுவனத்தாலும் முடியாது. இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. 2004 ஆகஸ்டில் மியூனிக் மாநகராட்சி, சுமார் 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் தன் திட்டத்துக்கான ஒப்பந்தப்புள்ளியை நிறுத்தி வைத்தது. வரப்போகும் ஐரோப்பியச் சட்டத்தால் காப்புரிமை வழக்கு பாயுமோ என்ற கவலையால்தான். பிறகு சட்ட ஆலோசனை கேட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள். ஒரு பெரிய நகராட்சிக்கே அந்தத் தயக்கம் என்றால் மூன்று பேர் நடத்தும் கடைக்கு என்ன கதி?

மீன்வளக் கூட்டத்தில் ஒரு போலந்துக்காரர்

2004 மே 18 அன்று, ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடிச் சட்டத்துக்கு ஒப்புதல் தரும் அமைச்சர்கள் அவை நாடாளுமன்றத்தின் திருத்தங்களில் முக்கியமானவற்றை எல்லாம் நீக்கிவிட்டது. ஆணையமே கேட்காத ஒன்றையும், அதாவது நிரலையே உரிமை கோருவதையும் உள்ளே சேர்த்தது. அந்தக் கூட்டத்தின் பேச்சுப் பதிவு பிறகு வெளியானது. தலைமை வகித்த அயர்லாந்து அமைச்சர், தயங்கிக்கொண்டிருந்த டென்மார்க் பிரதிநிதியிடம் எண்பது சதவீதம் திருப்தியா என்று கேட்கிறார். முழுத் திருப்தி தேவையில்லை, எங்களில் யாருக்கும்தான் முழுத் திருப்தி இல்லை என்கிறார். டென்மார்க் இழுக்கிறது. நன்றி டென்மார்க் என்று சொல்லி ஆதரவுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு கண்டத்தின் சட்டம் இப்படியும் எழுதப்படும் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஜூலை 1 அன்று நெதர்லாந்து நாடாளுமன்றம் தன் அமைச்சரிடம் ஆதரவைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதனாலும் எதுவும் நகரவில்லை.

இனி பாக்கி இருந்தது சம்பிரதாயமான ஒப்புதல் மட்டும். விவாதமில்லாமல் நிறைவேறும் விஷயங்களை எந்த அமைச்சர்கள் கூட்டத்திலும் வைக்கலாம் என்பது அவையின் வழக்கம். 2004 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. பிரஸ்ஸல்ஸில் வேளாண் அமைச்சர்களும் மீன்வள அமைச்சர்களும் கூடியிருந்தார்கள். அந்த ஆண்டின் இந்தக் காலம் மீன்பிடி அளவுகளைப் பற்றிய சண்டைக்கானது. அந்த நிகழ்ச்சிநிரலில் மென்பொருள் காப்புரிமை வரைவும் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பு இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்காமலே அது சட்டத்தை நோக்கிப் போயிருக்கும். போலந்தின் அறிவியல், தகவல்தொழில்நுட்ப அமைச்சகத்தின் துணைச் செயலர் வ்வோஜிமியெஷ் மார்ச்சின்ஸ்கி அதற்காகவே வார்சாவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு வந்தார். மீன்வளக் கூட்டத்துக்குள் போனார். இந்த வரியை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுக்கும்படி கேட்டார். எடுத்தார்கள்.

போலந்து ஒன்றியத்தில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. சேர்ந்து சில நாட்களிலேயே நடந்த மே மாதக் கூட்டத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டதாகக் கணக்கெழுதியிருந்தார்கள். நவம்பரில் வார்சா அரசு அந்த வாசகத்தை ஆதரிக்க முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தது. பழைய பெரிய நாடுகள் எல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில், புதிதாக வந்த ஒரு நாட்டின் அதிகாரி, தனக்குச் சம்பந்தமில்லாத துறையின் கூட்டத்தில் போய் எழுந்து நிற்பது சாதாரணக் காரியமில்லை. ஒன்றியத்துக்குள் ஒரு புது உறுப்பினருக்கு நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் எவ்வளவு இருந்திருக்கும்! ஐரோப்பா முழுவதிலுமிருந்து நிரலாளர்கள் ஆயிரக்கணக்கில் போலந்துக்கு நன்றிக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். முன்பு என்னோடு வேலை பார்த்த கிராக்கூவ்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, அப்போது அவர் மாணவர், பெருமையில் அந்தக் கடிதத்தை அச்செடுத்து விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்ததாகச் சொன்னார்.

அப்படிக் கிடைத்த அவகாசம் பொன்னானது. அது இல்லாவிட்டால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் 2005 மார்ச் 7 அன்று லக்சம்பர்க் தலைமையில் கூடிய அவையில் டென்மார்க், போலந்து, போர்ச்சுகல் விவாதம் கேட்டும் கேட்காததுபோல் வரைவை நிறைவேற்றினார்கள். முன்னுதாரணம் உண்டாகிவிடக் கூடாது, நிறுவன நடைமுறை முக்கியம் என்று தலைவர் காரணம் சொன்னார். வரைவை முதலிலிருந்து தொடங்கும்படி நாடாளுமன்றமே கேட்டிருந்தது, ஆணையம் மறுத்திருந்தது.

648க்கு 14 எப்படி வந்தது

நாடாளுமன்றத்தின் இரண்டாம் வாசிப்புக்கு அறிக்கையாளர், அதாவது வரைவைக் கையாளும் பொறுப்புள்ள உறுப்பினர், முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் மிஷேல் ரொக்கார். அவர் 2003 வரைவின் சாரத்தைத் திரும்பக் கொண்டுவரத் திருத்தங்கள் தயாரித்தார். இரண்டாம் வாசிப்பில் திருத்தம் நிறைவேற வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த 732 உறுப்பினர்களில் 367 பேர் கை தூக்க வேண்டும். அந்த வாரம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நாடாளுமன்றத்தின் முன் ஓடும் இல் ஆற்றில் காப்புரிமை ஆதரவாளர்கள் பதாகை கட்டிய படகு ஒன்றை நிறுத்தினார்கள். எதிர்த்தவர்கள் துடுப்புப் படகுகளில் தங்கள் பதாகையோடு அதைச் சுற்றி வந்தார்கள்.

எண்ணிக்கை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ரொக்காரின் திருத்தங்கள் 367ஐத் தாண்டிவிட்டால் பெருநிறுவனங்களுக்கு அடி. தாண்டாவிட்டால் அவையின் வரைவு சட்டம், எதிர்த்தவர்களுக்கு அடி. இரண்டு தரப்பும் பயந்தன. இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பான ஒரே வழி மொத்தத்தையும் தூக்கி எறிவது. ஜூலை 6 அன்று அதைத்தான் செய்தார்கள். காப்புரிமையை ஆதரித்த பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பே அந்த முடிவை வரவேற்றது. அத்தனை பெரிய வாக்கு வித்தியாசம் வந்த காரணம் அதுதான். பெருநிறுவனங்களுக்குப் புதிய சட்டம் அவசியமாக இருக்கவில்லை. மியூனிக் அலுவலகம் அதே வழியில் தொடர்ந்தால் அவர்களுக்குப் போதும். தொடர்ந்தது.

படகுகளில் துடுப்புப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்று அங்கே இருந்திருந்தால் நானும் நிராகரிக்கத்தான் சொல்லியிருப்பேன். பிறகு நடந்ததுதான் என் வருத்தம். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தின் அப்போதைய தலைவர் 2008இல் எழுப்பிய அடிப்படைக் கேள்விகளை, அவை ஏற்கத்தக்கவை அல்ல என்று அதன் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் 2010இல் திருப்பி அனுப்பியது. அந்தக் கருத்துரையிலேயே, நீதிமன்றம் வளர்த்தெடுக்கும் சட்டம் அதன் எல்லைக்கு வரும்போது சட்டமன்றம்தான் பொறுப்பேற்க வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. சட்டமன்றம் பொறுப்பேற்கவில்லை. கூட்ட நெரிசல் போன்றவற்றைக் கணினியில் உருவகப்படுத்துவது பற்றி 2021இல் வந்த தீர்ப்பும் அதே வாரியத்தின் உள்விவகாரமாகவே முடிந்தது. 2023 ஜூன் 1 முதல் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம் இயங்குகிறது. பல நாடுகளுக்கு ஒரே தடை உத்தரவு. நாடாளுமன்றம் 2003இல் கேட்டதில் ஒரு துண்டு மட்டும் அதன் ஒப்பந்தத்தின் 27ஆவது உறுப்பில் பிழைத்திருக்கிறது. ஒரு நிரலோடு இணைந்து இயங்கச் செய்வதற்காக அந்த நிரலைப் பிரித்துப் படித்தால் அது காப்புரிமை மீறல் ஆகாது.

நம் ஊர் ஆட்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. நிரலுக்குக் காப்புரிமை மறுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு ஐரோப்பிய உறுப்பின் சாயலில் எழுதப்பட்டது. மார்ச்சின்ஸ்கி பிரஸ்ஸல்ஸில் எழுந்து நின்ற ஐந்தாம் நாள், ஆழிப்பேரலை வந்த அதே டிசம்பர் 26, இந்திய அரசு அவசரச் சட்டம் ஒன்றால் அந்தப் பிரிவைத் தளர்த்தியது: வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும், தொழிலில் பயன்படும் நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்றது. 2005 மார்ச்சில் இந்திய நாடாளுமன்றம் அந்தத் தளர்வை நீக்கிவிட்டுப் பழைய வாசகத்தையே நிறுத்தியது. அதன்பின் 2015, 2016, 2017 என்று அலுவலக வழிகாட்டுதல்கள் மாறி மாறி வந்தன. அங்கேயும் மக்கள் பிரதிநிதிகள் மறுத்ததை அலுவலகக் குறிப்புகள் வழியே திரும்பக் கேட்கும் முயற்சி நிற்கவில்லை.

அதனால் 2005ஐக் கொண்டாடும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். 2003 செப்டம்பர் 24ஆம் தேதி வாசகம் நாடாளுமன்ற ஆவணங்களில் முழுசாக இருக்கிறது. ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். செயற்கை நுண்ணறிவு விண்ணப்பங்கள் வந்து குவியும் இந்த நேரத்தில் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள். புதிய வரைவு எதையும் கொண்டுவரப் போவதில்லை என்று 2005இல் ஆணையம் சொன்னது. அதன்பின் இந்தக் கேள்வியில் அது ஒரு வரைவையும் வைக்கவில்லை.